பாதி வழியில் பெயர் மாறிய கோடு

என் தம்பி மகளுக்கு வீட்டில் முழம் என்று பெயர். ஐந்து வயதில் மேசை, கதவு, அப்பாவின் கால் என்று கண்ணில் பட்டதையெல்லாம் முழம் போட்டுக்கொண்டு திரிந்தவள். இப்போது நாற்பத்தாறு வயதாகிறது. அளப்பதை விடவில்லை, அளவுதான் சுருங்கிவிட்டது. தலைமுடிப் பருமனில் கோடு போடுகிறாள்.

எந்த மின்சாதனத்தைத் திறந்தாலும் உள்ளே ஓர் அட்டை இருக்கும். அதில் செப்புக் கோடுகள் எந்த வழியாகப் போகவேண்டும் என்று கணினியில் வரைவது அவள் வேலை. அவள் சொல்லி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரு சில்லிலிருந்து, அதாவது சிப்பிலிருந்து, இன்னொரு சில்லுக்கு ஒன்பது கோடுகள் போனால், ஒன்பதிலும் செய்தி ஒரே நேரத்தில் போய்ச் சேரவேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் சாதனம் உளறும். அதனால் எல்லாம் ஒரே நீளம் இருக்கவேண்டும். குட்டையான கோட்டை நெளித்து நெளித்து நீளமாக்குவாள். அந்த நெளிவுக்கு அவர்கள் வைத்த பெயர் பாம்பு. ஒருநாள் தொலைபேசியில், "மூணாவதுக்கு இன்னொரு பாம்பு விடறேன்" என்றாள். படுக்கையில் கிடக்கும் தம்பிக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்த காலை நேர உதவிப் பெண் கட்டில்மேல் ஏறாத குறை.

நீளம் சரியா என்று மென்பொருளே சோதிக்கும். ஆனால் விதியை இவள் எழுதிக் கொடுக்கவேண்டும். இன்னின்ன கோடுகளுக்குள் கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது விதி. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால், தப்பிருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை.

தம்பிக்குப் பக்கவாதம் வந்தபின் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். நாற்பது வருஷம் நோயாளி பார்த்தவள், சும்மா இருக்கத் தெரியாது. காலையில் உதவிப் பெண், மத்தியானம் இரண்டு மணிக்குமேல் நான். முழம் முன்னறையில் இரண்டு திரை வைத்து வேலை செய்வாள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தாள். அதன் வழியே அப்பாவின் கட்டில் தெரியும்.

அவள் போன தடவை வரைந்த அட்டை தொழிற்சாலையிலிருந்து வந்து, சூடானதும் உளறியது. நீளத்தில்தான் கோளாறு என்றார்கள். "வீட்டுல உக்காந்து பண்ணா கவனம் சிதறும்" என்றார் அவளுடைய தலைவர். அடுத்ததும் தவறினால் நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அலுவலகத்துக்கே அவள் குடிபோகவேண்டும், தம்பி பராமரிப்பு இல்லத்துக்கு. அங்கே போனால் செத்துவிடமாட்டான். நான் வேலை பார்த்த மாதிரி இடம்தான். ஆனால் அவன் பாதி வாயால் பேசுவது அவளுக்கு மட்டும்தான் புரியும். இல்லத்தில் உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. எனக்கே இருந்ததில்லை.

புது அட்டையின் வரைபடத்தை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். அன்று பன்னிரண்டு மணிக்கே எல்லாம் பச்சை.

"பச்சை வந்துடுச்சில்ல, அனுப்பிடுங்க" என்றார் தலைவர், தொலைபேசியில்.

"போன தடவையும் பச்சைதான் சார் வந்துச்சு."

"அப்ப எதைத்தான் நம்புவீங்க?"

"காரணம் தெரிஞ்ச பச்சையை. அஞ்சு மணிக்குத்தானே வேணும்? அஞ்சு மணிக்குத் தரேன்."

வைத்துவிட்டாள். குரலில் நடுக்கம் இல்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது.

இரண்டு மணிக்கு நான் தம்பியின் காலைப் பார்த்தேன். வீக்கம். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்தது. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது டாக்டர் கட்டளை.

"ஏம்மா, நேத்து எவ்வளவு தண்ணி குடுத்தே?" கிளம்பிக்கொண்டிருந்த உதவிப் பெண்ணைக் கேட்டேன்.

"தொள்ளாயிரத்தைம்பது மில்லிம்மா. அளவுக்குள்ளதான் இருக்கு, எழுதியிருக்கேன் பாருங்க."

உண்மைதான். அவள் தாளின் தலைப்பு 'பெரியவர்', அதில் தொள்ளாயிரத்தைம்பது. என் தாளின் தலைப்பு 'தம்பி', அதில் ஆயிரத்து நூறு. தலையில் அடித்துக்கொண்டேன்.

"ரெண்டும் ஒரே வயித்துக்குள்ளதானே போகுது! மத்தியானம் பேர் மாறினதும் கணக்கை முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கோம். பெரியவரும் அளவுக்குள்ள, தம்பியும் அளவுக்குள்ள. கால் மட்டும் பூசணிக்காய்!"

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அத்தை, இப்ப என்ன சொன்னீங்க?"

"உன்னை இல்லடி. என்னைத்தான் திட்டிக்கிட்டேன்."

"பேர் மாறினதும்னு..." என்றவள் முடிக்காமலே திரும்பிவிட்டாள்.

டாக்டரிடம் பேசி, அன்றைய தண்ணீரைக் குறைத்துவிட்டு முன்னறையை எட்டிப் பார்த்தேன். முழம் திரையைக் காட்டிச் சொன்னாள். ஒன்பதில் ஒரு கோடு மற்றவற்றுக்குத் தாளம் போடுவது. அதன் வழியில் ரெசிஸ்டர் என்று எறும்பைவிடச் சின்ன பாகம். கோடு அதற்குள் நுழையும்வரை ஒரு பெயர், வெளியே வந்தால் மென்பொருள் வைத்த வேறு பெயர். இவள் விதியில் எழுதியிருந்தது இரண்டாவது பெயரை மட்டும். மென்பொருள் சொன்னதைச் செய்தது, பாதி வழியிலிருந்து அளந்தது.

இரண்டு துண்டையும் ஒன்றாக அளக்கும்படி விதியை மாற்றிப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு.

"ஆறு மில்லிமீட்டர் கூடுதல்."

"அவ்வளவுதானா?"

"எங்க ஊர்ல இது ஆறு மைல், அத்தை. இதுல நான் வேற இந்தக் கோடு குட்டைன்னு நெனச்சு மூணு பாம்பு விட்டிருக்கேன்!"

சிரித்தாள். பாம்புகளைப் பிடுங்கினாள், மிச்சத்தை மற்ற கோடுகளில் நெளித்துச் சரிக்கட்டினாள். நாலே முக்காலுக்குப் பச்சை. உடனே தலைவரை அழைத்தாள்.

"அனுப்பிட்டேன் சார். போன போர்டும் இதனாலதான் ஊத்திக்கிச்சு. விதியை எழுதினவ நான்தான். விவரமா மெயில் போட்டிருக்கேன்."

அவள் தொலைபேசியை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "கேக்காமலே ஏண்டி ஒத்துக்கிட்டே? வீட்டுல கவனம் சிதறுதுன்னு அந்த ஆளுக்கு நீயே எடுத்துக் குடுக்கறியா?"

"என் விதியை இன்னும் மூணு பேர் அப்படியே எடுத்து வச்சிருக்காங்க, அத்தை. அவங்க போர்டும் உளறட்டுமா?"

ஆறிப்போன சாப்பாட்டுத் தட்டை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

மூன்று வாரத்தில் அட்டை வந்தது. இரண்டு நாள் சூடாக்கியும் குளிரவைத்தும் பார்த்தார்கள், உளறவில்லை. தலைவரே அழைத்தார். "எல்லாரோட விதியையும் நீங்களே ஒருதடவை பாத்துக் குடுங்க. வீட்டுலேர்ந்தே பாருங்க, அங்கதான் உங்களுக்குக் கவனம் வருது போல."

இதைச் சொல்ல அவள் உள்ளறைக்கு ஓடினாள். தம்பி கேட்டுவிட்டு, கோணிய வாயால் ஏதோ நீளமாகச் சொன்னான்.

"என்ன, உன்னைப் பாராட்டறானா?" என்றேன்.

"தண்ணி வேணுமாம், அத்தை."

கட்டில் தலைமாட்டில் இப்போது ஒரே தாள்தான், உதவிப் பெண்ணுக்கும் எனக்கும் சேர்த்து. பார்த்தேன். இன்னும் இருநூறு மில்லி மிச்சம் இருந்தது. கொடுத்தேன்.