பச்சை டிக்கும் சேவியர் சேட்டனின் இறால் குளமும்

நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் வீட்டில் பேசி வந்தது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் என்னிடம் பிழை கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் நன்றாக மாட்டிக்கொண்டேன். எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் சொல்வேன்.

1. மத்தியானம் வந்த போன்

கொச்சங்காடியில் ஒரு சுக்கு கோடவுனின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இறால் வளர்ப்பவர்களுக்கு ஆப் செய்கிறோம். குளத்தில் சென்சார் இருக்கும். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் போனில் மணி அடித்து, கார்டு என்று நாங்கள் சொல்லும் சின்னச் செய்திக் கட்டம் திரையில் வரும். பார்த்தவுடன் ஏரேட்டரை, அதாவது காற்றைக் கலக்கும் மோட்டாரை, ஓடவிட வேண்டும்.

மழைமூட்டமாக இருந்த ஒரு நாள் கும்பளங்கியிலிருந்து சேவியர் சேட்டன் கூப்பிட்டார். எங்கள் ஆப்பை முதலில் நம்பி வாங்கியவர்களில் ஒருவர். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மோளே, ஒண்ணாம் குளத்து இறால் மொத்தமா செத்துப்போச்சு. உங்க ஆப் ஒரு வார்த்தை சொல்லலையே?"

சர்வரில் பார்த்தேன். எச்சரிக்கை போயிருக்கிறது. அவர் திறந்தும் பார்த்திருக்கிறார். எங்கள் டெஸ்ட் எல்லாம் பச்சை டிக்.

"ஆப் சொல்லியிருக்கு சேட்டா," என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

"அப்போ நீயே வந்து பாரு. இனி ரெண்டாம் குளம்தான் இருக்கு. அதுவும் போனா இந்த வருஷம் எனக்கு ஒண்ணுமில்ல."

2. நான் போட்ட காவல்

எந்த டெஸ்டை நம்பி அப்படிப் பேசினேன் என்று சொல்ல வேண்டும். ஆப்பில் இருக்கும் ஒவ்வொரு பட்டனையும் கார்டையும் படமெடுத்து வைத்துக்கொள்வோம். அதற்குப் பேஸ்லைன் என்று பெயர். யாராவது ஆப்பின் புரோகிராமை மாற்றினால் மெஷின் புதுப் படம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடும். ஒரு பிக்சல் நகர்ந்தாலும் டெஸ்ட் சிவப்பாகிவிடும். இதுதான் ஸ்னாப்ஷாட் டெஸ்டிங். எங்கள் ஆபீசில் இதைக் கொண்டுவந்தது நான். சாதாரண எழுத்து, பெரிய எழுத்து, மலையாளம், தமிழ் என்று எல்லா வகையிலும் படமெடுக்க வைத்தேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

3. இரண்டு வரி

கும்பளங்கியில் சேட்டன் தன் போனை என் கையில் கொடுத்தார். கண் சரியாகத் தெரியாததால் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருந்தார். கார்டில் முதல் வரி, ஒன்றாம் குளம். இரண்டாவது வரி, ஆக்ஸிஜன் 2.6. அவ்வளவுதான். "குறைவு, ஏரேட்டர் ஓட்டவும்" என்று சிவப்பில் இருக்க வேண்டிய மூன்றாவது வரி கார்டுக்கு வெளியே போய்க் காணாமல் போயிருந்தது.

"தினமும் அளவு சொல்லவும் இதே மணிதான் அடிக்குது. ரெண்டு புள்ளி ஆறுன்னா நல்லதா கெட்டதா, எனக்கெப்படித் தெரியும்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் செல்வி ஞாபகம் வந்தாள். தென்காசிக்காரி, சுள்ளிக்கல்லில் தங்கி எங்களிடம் டெவலப்பராக இருக்கிறாள். இரண்டு மாதம் முன்னால் இதே கார்டின் உயரத்தைக் கூட்டியிருந்தாள். டெஸ்ட் சிவப்பானது. நான் அந்த மாற்றத்துக்குக் கீழே ஒரு பதில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

"அக்கா, பழைய படத்துல ஒரு வரியே காணலியே, பாத்தீங்களா?" என்று என் மேஜைக்கே வந்து கேட்டாள்.

"டிசைன் மாறல, நீ மட்டும் எதுக்கு மாத்தறே? பேஸ்லைன்ல உள்ளதுதான் சரி, கேட்டோ," என்று அனுப்பிவிட்டேன்.

ஆபீசுக்கு வந்து முதல் பேஸ்லைனைத் திறந்தேன். பெரிய எழுத்துப் படத்தில் இரண்டே வரி. இருநூற்றுச் சொச்சம் படங்களை ஒரே மத்தியானத்தில், 'அப்ரூவ் ஆல்' என்று ஒரே பட்டனில் நான்தான் ஏற்றிருந்தேன். அன்றிலிருந்து என் டெஸ்ட் அந்தப் பிழையை ஒரு பிக்சல் நகராமல் காவல் காத்திருக்கிறது. சரி செய்ய வந்தவளையும் விரட்டியிருக்கிறது. இல்லை, விரட்டியது நான்.

4. பிறகு

செல்வியிடம் போய், "நீ சொன்னதுதான் சரி, நான் பார்க்கவே இல்லை," என்றேன். அவள் லேப்டாப்பைத் திறந்து தன் பழைய மாற்றத்தை எடுத்தாள். புது வெர்ஷன் வெளியாகும்வரை இரண்டாம் குளத்தின் ஆக்ஸிஜன் அளவை நானே பார்த்துச் சேட்டனுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன்.

புதுக் கார்டைப் பேஸ்லைன் ஆக்குமுன் இருவரும் கும்பளங்கிக்குப் போனோம். சேட்டன் போனைக் கையை நீட்டிப் பிடித்து மூன்று வரியையும் உரக்கப் படித்தார். அதற்குப் பிறகுதான் அப்ரூவ் அழுத்தினேன்.

அடுத்த வாரமே வானம் மூடியது, அப்படிப்பட்ட நாளில்தான் ஆக்ஸிஜன் இறங்கும். நான் போனை எடுப்பதற்குள் சேட்டனே கூப்பிட்டார். பின்னால் மோட்டார் சத்தம்.

"ஓடுது மோளே," என்றார்.

ஸ்னாப்ஷாட் டெஸ்டை இன்றும் முழுதாக நம்புகிறேன். மாறியதா என்று கேட்டால் அது பொய் சொல்லாது. சரியா என்று அதனிடம் கேட்கக் கூடாது, அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்களிடம் இப்போது 'அப்ரூவ் ஆல்' பட்டன் கிடையாது, எடுத்துவிட்டேன். செல்வியின் மாற்றத்துக்குக் கீழே நான் எழுதிய பதிலை மட்டும் அழிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத் திறந்து காட்டுவேன். "பேஸ்லைனில் உள்ளதுதான் சரி. நிராகரிக்கப்பட்டது. கோமதி."