கோடு கறுக்காத கட்டு

மருத்துவமனைக் கீழ்த்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, கிருமி போக ஆவியில் வேகவைத்து மேலே ஆபரேஷன் அறைகளுக்கு அனுப்புகிற அறை. அங்கே பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவளை எல்லாரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டின் மேல் ஒட்டுகிற டேப்பில் வெள்ளைக் கோடுகள் உண்டு. நன்றாக வெந்தால் கறுத்துவிடும். கோட்டைப் பார்த்த பிறகே மேலே கட்டைப் பிரிக்க வேண்டும். ஆனால் ஆவியக்கா கட்டு என்றால் யாரும் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை. சும்மாவா சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்?

நேர்காணலில் இங்கிலீஷும் கேட்பார்களாம். பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர் ஒரு வாரமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து அவள் உயிரை வாங்கினார்.

"ஓப்பன்லின்னா ஒளிவு மறைவில்லாம, நாலு பேர் அறிய. தப்பை ஓப்பன்லி ஒத்துக்கலாம், ஓப்பன்லி அழலாம். கதவை ஓப்பன்லி தொறந்தேன்னு மட்டும் சொல்லிவைக்காதே. எங்கே, நீயா ஒரு வாக்கியம் சொல்லு."

"அடுப்புல பால் இருக்குங்க," என்று நழுவிவிட்டாள்.

நேர்காணலன்று காலை, வேகாத கட்டுகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. வெந்தவற்றோடு சேர்த்து மேலே அனுப்பியது அவளேதான், நினைப்பெல்லாம் நேர்காணலில்.

கூட வேலை பார்ப்பவள் கிசுகிசுத்தாள். "மேல எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்கக்கா. காதும் காதும் வச்ச மாதிரி மாத்திடலாம். இன்னைக்குப் போய் வாயைத் தொறந்து வேலையக் கெடுத்துக்காதீங்க."

மேலே ஆபரேஷன் அறை மூன்று. ஒவ்வொன்றாகத் தேடுவதற்குள் கத்தி வைத்துவிடுவார்கள். அவள் ஒலிபெருக்கி மைக்கை எடுத்தாள்.

"கீழ இருந்து பேசறேன். யாரும் கட்டைப் பிரிக்காதீங்க. வேகாத கட்டு ஒண்ணு வந்திருக்கு. அனுப்பினது நான்தான்."

மருத்துவமனை முழுக்கக் கேட்டது. இரண்டாவது அறையில், முடிச்சு பாதி அவிழ்ந்த நிலையில் அந்தக் கட்டு கிடைத்தது.

மதியம் நேர்காணலில் தலைமை நர்ஸ் ஒரே கேள்விதான் கேட்டார். "காலையில என்ன நடந்துச்சு? இங்கிலீஷ்ல சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "மை மிஸ்டேக், மேடம். ஐ ஓப்பன்லி செட்."

மறுநாள் மூன்று அறைக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, அதைப் படித்துப் படித்துப் பூரித்துப்போனார். புது சூப்பர்வைசரின் முதல் உத்தரவு அது: 'என் கட்டானாலும் கோட்டைப் பார்த்துப் பிரிக்கவும்.'