மூன்றாவது வெடிப்பு

செல்லையாவின் வலக்கையை முடமாக்கியவன் நான். பாறை அல்ல, அவன் அவசரமும் அல்ல... நான்!

அவன் என் மனைவியின் தம்பி. தேரிக்காட்டில் பனையேறிப் பிழைத்தவன். நான் தூத்துக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருந்தேன். எனக்கிருந்த ஒரே வித்தை, கடற்கரைப் பாறைகளில் ஏறத் தோதான வெடிப்புகளைக் கண்டுபிடிப்பது. சிரிக்காதீர்கள். யுத்த காலத்தில் கரியில் ஓடும் பஸ் பிடித்து மாமனார் ஊருக்குப் போய், அங்கிருந்து வண்டி கட்டித் திருச்செந்தூர் போவோம். தேரியின் செம்மணலில் சக்கரம் புதையும். எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். சாமி கும்பிட்ட கையோடு நான் பாறைகளைத் தேடிப் போய்விடுவேன். பெண்கள் கால் வைத்து ஏற ஒன்று, வயதானவர்கள் பயமில்லாமல் ஏற ஒன்று என்று பார்த்து வைத்துக் கூட்டிப் போவேன். அத்தனை பேரும் புகழ்வார்கள். அந்தப் புகழ் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த வருடம் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும் என்பதால் செல்லையாவும் வந்திருந்தான். மொட்டையடித்தாயிற்று. ஆசாரி வரத் தாமதமானது. வழக்கம்போல எல்லோரையும் பாறைக்குக் கூட்டிப் போனேன். முதல் இரண்டு வெடிப்புகளையும் அவன் படியேறுவது போல ஏறிவிட்டான். அதற்குப் பிறகு என்னை யார் பார்ப்பார்கள்? மாமனார் மகனைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள்! எனக்குப் பொறாமை... சொல்லவே நாக்கூசுகிறது.

மூன்றாவது வெடிப்பைக் காட்டினேன். இரண்டு ஆள் உயரம்தான். நான் மட்டும் ஏறிப் பழகியது.

பனையேறி மரத்தை மார்போடு அணைத்து ஏறுகிறவன். வெடிப்பில் அது ஆகாது. கையை உள்ளே விட்டு முஷ்டியாக மடக்கி இறுக்க வேண்டும்; உடம்பை வெளியே சாய்த்தால்தான் கால் பிடிக்கும். மார்பை ஒட்டினால் வழுக்கிவிடும். எனக்குத் தெரியும். அவன் வலக்கையை வெடிப்புக்குள் விட்டுப் பாறையை அணைத்தபோது நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஏன் வாயைத் திறக்கவில்லை? சறுக்கி விழட்டும், நாலு பேர் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். நம்புவீர்களா?

கால் வழுக்கியது. உள்ளே சிக்கிய கை மட்டும் வெளியே வரவில்லை. உடம்பின் பாரம் முழுவதும் அந்த மணிக்கட்டில் தொங்கியது...

இறக்கிக் கிடத்தினோம். மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் சொன்னேன்:

"சாஞ்சு ஏறணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மாமா. அவன் கேக்கல."

ஒரு வார்த்தைகூட நான் சொல்லியிருக்கவில்லை! செல்லையாவுக்கு அது தெரியாதா? அவன் வலியோடு என் முகத்தைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான்.

"அத்தான் சொல்லியிருப்பாவ. என் காதுலதான் விழல."

என்மேல் அவனுக்கு அத்தனை மதிப்பு. கையைத் துண்டால் கழுத்தோடு கட்டிக்கொண்டு, இடக்கையால் என் மகளை மடியில் அணைத்துக் காது குத்த வைத்தான். குழந்தை வீறிட்டு அழுதது. அவன்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னான்.

வைத்தியர் கட்டியும் எலும்பு நேராகக் கூடவில்லை. பனையேற்றம் அதோடு நின்றது. யார் யார் தோட்டத்திலோ காவல் இருந்தான். நல்லது கெட்டதில் சந்திக்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வாயெடுப்பேன். அதற்குள் அவனே முந்திக்கொண்டு, பிள்ளையின் நல்ல நாளைக் கெடுத்துவிட்டேனே என்று என்னிடம் வருத்தப்படுவான். நானும், விடு மாப்ளே, நடந்தது நடந்துவிட்டது என்பேன். என்ன பெருந்தன்மை என்னுடையது!

போன மாசியில் அவன் செத்துப்போனான். துஷ்டி கேட்கப் போனேன். அவன் மனைவி அழுதுகொண்டே என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, கடைசி மட்டும் அதையேதான் சொன்னாவ, அத்தான் சொல்லு கேக்காமப் போயிட்டேன்னு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்...

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.