பதினேழாம் எண் குத்திய எழுத்தாளர்

செய்தி கைப்பேசியில் வந்தது. எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், காலை ஏழு மணிக்கு, இரண்டே சொற்கள். முதல் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தேன். குணசீலன். பழகிய பெயர் என்பதால் சட்டென்று பிடிபட்டது. இவ்வளவு வேகமாகப் படித்துவிட்டோமே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அடுத்த சொல்லுக்குப் போனேன். கா, ல, மா... பாதியிலேயே புரிந்துவிட்டது. இருந்தாலும் கடைசி எழுத்து வரை படித்தேன். அதுவரை எனக்கு எல்லாச் சாவுச் செய்தியும் காது வழியாகத்தான் வந்திருந்தது. கண் வழியாக வந்த முதல் சாவு இது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குணசீலன் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் லாரியில் குழாய் பிடிக்கும் வேலை. ஓய்வு பெறும் வரை நானும் அதே லாரியில்தான் இருந்தேன். என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் எழுத்தாளர். அறிவியல் கதைகள் எழுதினார். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் சிறு பத்திரிகைகளில் அவை வெளிவந்தன.

என் பெயர் முனிரத்தினம். கிழவனான பிறகு, புத்த விகாரைக் கூடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இந்தக் கட்டுரையை ஒன்பது நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரி முடியும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நானா எழுதினேன் என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். எழுத வேண்டியிருக்கும் விஷயம்தான் குமட்டலானது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். லாரியின் தொட்டியில் தண்ணீர் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நாங்கள் நிழலில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் அவர் கேட்டார்.

"ரத்னாண்ணா, ஆயிரம் பேரு ஒரு ராக்கெட்ல ஏறி நூறு வருஷம் போறாங்கன்னு வெச்சுக்க. உள்ள கக்கூஸ் அடைச்சுக்கினா யாரு எடுப்பாங்க?"

"வேற யாரு? நம்மளத்தான் கூப்புடுவாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் சொன்னார்: "இத்தினி பேரு ராக்கெட் கதை எழுதுறாங்க. ஒருத்தருகூட இத்த எழுதல அண்ணா. நான் எழுதுறேன்."

அந்தக் கதைதான் 'கீழ்த்தளம்'. கப்பலின் அடித்தளத்தில் தலைமுறை தலைமுறையாகக் கழிவைக் கையாளும் முப்பது குடும்பங்கள். மேலே இருப்பவர்கள் அவர்களைப் பார்த்ததே இல்லை. கப்பல் புது உலகில் இறங்கும்போது அங்கே வெறும் பாறை. பயிர் வைக்க மண் இல்லை. மண் இருக்கும் ஒரே இடம் அடித்தளம்தான். நூறு வருடக் கழிவை அவர்கள் மண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று அந்த முப்பது குடும்பங்களும் கூடிப் பேசுவதுதான் கதை.

எதை எழுதினாலும் முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டுவார். நான் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார். "உனக்கே தூக்கம் வருதுன்னா, சேர்ல உக்காந்து படிக்கிறவங்களுக்கு வராதா?" என்பார். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்று ஒருமுறை கேட்டேன். "போ அண்ணா, நீ படிக்கக் கத்துக்கினா அப்பறம் என் வாயால யாரு கேப்பாங்க?" என்று மறுத்துவிட்டார்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. ஓசூர் ரோடு பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் அறிவியல் கதை ரசிகர்களின் மாநாடு. பல மொழிக்காரர்கள் வருகிறார்கள். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு மேடையில் அவர் பதினைந்து நிமிடம் தம் கதையை வாசிக்க வேண்டும். அழைத்தவர் விக்னேஷ் என்ற இளைஞர். ஈரோட்டிலிருந்து வந்து இங்கே ஐடி கம்பெனியில் இருப்பவர். மாநாட்டுக்கு இருந்த மூன்று வாரமும் குணசீலன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கதையைப் படித்துப் பழகினார். அவர் மனைவி சகுந்தலா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவைத்தார். தம் கதை ஓர் அரங்கத்தில் ஒலிக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு விடியும்போதே அடுகோடிப் பகுதியில் சாக்கடை பொங்கிவிட்டது. ஒன்பதுக்குள் விட்டுவிடுகிறேன் என்று மேஸ்திரி சொன்னார். விட்டபோது மணி பதினொன்று. வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. ஒரு ஒர்க்‌ஷாப் குழாயில் குணசீலன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கைகால் கழுவினார். உடுப்பை என்ன செய்வது? ஆரஞ்சு மேல்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், விளக்கு வைத்த தலைக்கவசம். கூடப் போவதற்காக நான் அங்கே போய்க் காத்திருந்தேன். இரண்டு ஆட்டோக்காரர்கள் மூக்கைச் சுளித்து விலகிப் போனார்கள். நடந்தே போனோம்.

ஹோட்டல் வாசலில் காவலாளி எங்களைத் தடுக்கவில்லை. "ஹோகி, ஒளகே ஹோகி" என்று கன்னடத்தில் உள்ளே போகச் சொல்லிப் புன்னகையோடு கதவையே திறந்துவிட்டார். பெரிய இடங்களுக்குப் பின்பக்கமாகவே போய்ப் பழகிய எனக்கு அது புதிதாக இருந்தது. உள்ளே போன பிறகுதான் காரணம் தெரிந்தது. எல்லாரும் வேஷத்தில் இருந்தார்கள். உடம்பெங்கும் வெள்ளிச் சாயம் பூசிய ஒருவர். கூர்க்காது ஒட்டிய பெண்கள். வயிற்றில் விளக்கு எரிய ஒரு தடியர். பச்சை நிறத்தில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி தின்ற தட்டுகள் நாற்காலிக்கு அடியிலும் படியிலும் கிடந்தன. எதிர்காலத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் எச்சில் தட்டை எடுத்துப் போட ஒரு ஆளை எதிர்பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். நாற்பது வருடம் சாக்கடையில் எனக்கு வராத குமட்டல் அங்கே வந்தது.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். குணசீலன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேர் பதிய நான் போனேன். இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்றின் முன்னால் ஆளே இல்லை. மற்றொன்றில் நீண்ட வரிசை. பலகை ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் இருந்திருந்தாலும் அன்று எனக்கு ஒன்றுதான். ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, நாங்கள் நிற்க வேண்டிய வரிசை எப்போதும் நீளமானதுதான். ஆள் இல்லாத மேசை எங்களுக்கு உரியதாக இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. நீண்ட வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குணசீலனைக் காட்டினேன். அந்தப் பெண் "வாவ்!" என்று கத்தி ஓர் அட்டையைக் கொடுத்தாள். பதினேழு. மேடையில் பேசுகிறவர்களின் வரிசை எண் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம். அவர் நெஞ்சில் அதைக் குத்தியவன் நான்.

பதினேழு என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். குணசீலன் கோட்டுப் பையில் மடித்து வைத்திருந்த கதைக் காகிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். ஒரே கைதட்டல். தொகுப்பாளர் மைக்கை நீட்டித் தமிழிலேயே கேட்டார்.

"எந்த கேரக்டர் சார் நீங்க?"

"நான் குணசீலன். கதை வாசிக்க வந்திருக்கேன்."

அரங்கம் சிரித்தது. அந்த வெள்ளிச் சாயக்காரர்தான் நடுவராம். அவர் கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஸ்மெல்கூட அப்படியே கொண்டு வந்திருக்காரு! என்ன டெடிகேஷன்!" மறுபடி கைதட்டல். இரண்டாம் பரிசு என்று ஒளிரும் பிளாஸ்டிக் வாள் ஒன்றைக் கையில் திணித்தார்கள். வேஷப் போட்டி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும்தான். மைக்கைப் பிடித்து மரியாதையாகவே சொன்னார்.

"சார், இது வேஷம் இல்ல. அடுகோடியில அடைப்பு எடுத்துட்டு நேரா வர்றேன். பன்னெண்டு மணிக்கு என் கதை இருக்கு."

வெள்ளிச் சாயக்காரர் இரண்டடி பின்னால் போனார். முன்வரிசையில் கைக்குட்டைகள் மூக்குக்கு ஏறின. சற்று முன் அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்ட பெண் பையிலிருந்து ஒரு சானிடைசர் புட்டியை எடுத்துக் கையில் பீய்ச்சித் தேய்த்துக்கொண்டாள். இதை எழுதும்போதுகூட எனக்கு எச்சில் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

விக்னேஷ் ஓடிவந்து எங்களை ஓரமாக அழைத்துப் போனார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடுங்க. நாலு மணிக்கு மேடையில உங்களுக்கு நேரம் போட்டுடறேன். என் பொறுப்பு."

"கதை குளிச்சுட்டுத்தான் இருக்கு தம்பி," என்றார் குணசீலன். ஆனாலும் போனோம்.

வீட்டில் குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினார். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதே வாசலுக்கு வந்தோம். அதே காவலாளி கையை நீட்டி மறித்தார். "பாஸ் தோர்சி." பாஸைக் காட்டச் சொல்கிறார். குணசீலன் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். மதியம் கதவு திறந்துவிட்டது நினைவில்லையா என்று கேட்டார். அந்த ஆரஞ்சுக் கோட்டுக்காரர் வேறு யாரோ என்றார் காவலாளி. விக்னேஷுக்குப் பதினோரு முறை போன் செய்தோம். எடுக்கவில்லை. அழுக்கோடு வந்தபோது திறந்த கதவு, குளித்துவிட்டு வந்தபோது திறக்கவில்லை. ஐந்தரைக்கு உள்ளேயிருந்து எல்லாரும் வேஷத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். "போலாம் அண்ணா," என்றார்.

பஸ்ஸில் நான் அழுதுவிட்டேன். தப்பான வரிசையில் நின்றது நான்தானே என்றேன்.

"விடு அண்ணா. சரியான லைன்ல நின்னிருந்தா அந்த மேசையிலயே மூக்க மூடியிருப்பாங்க. உன்னால மேடை வரைக்கும் போனேன்." டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு கவனிச்சியா? வேஷம்னு நினைச்ச வரைக்கும் அவங்களுக்கு நாறல."

மறுநாள் நான் வகுப்பில் சேர்ந்தேன். அவரிடம் சொல்லவில்லை. 'அ' எழுத ஒரு வாரம் ஆயிற்று. விஷயம் தெரிந்தபோது, "துரோகி" என்று சிரித்தார். அதன் பிறகும் கதைகள் எழுதினார். 'கீழ்த்தளம்' பத்திரிகையில் வந்தது. அரங்கத்தில் வாசிக்க யாரும் கூப்பிடவில்லை. கடைசி ஒரு வருடம் மூச்சு வாங்கியது. ஒரு பக்கம் படிப்பதற்குள் மூன்று முறை நிறுத்துவார். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வந்தபோது லாரி ஆட்கள் எல்லாரும் வந்து தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் விக்னேஷ் என்னை அழைத்தார். வருத்தம் உண்மையானதுதான், அதைச் சந்தேகிக்கவில்லை. இந்த வருட மாநாட்டில் குணசீலன் பெயரில் ஒரு பரிசு கொடுக்கப்போகிறார்களாம். மிகச் சிறந்த வேஷத்துக்கு.

"அந்த ஆரஞ்சு கோட் கிடைக்குமா சார்? கண்ணாடிப் பெட்டியில வெச்சா ரொம்ப எமோஷனலா இருக்கும்."

"தம்பி, அவரு கதை எது படிச்சிருக்க?"

"படிக்கணும்னு எடுத்து வெச்சிருக்கேன் சார்," என்றார்.

"கோட்டு கம்பெனிக்குத் திரும்பப் போயிடுச்சு. 'கீழ்த்தளம்' இருக்குது. உங்க மேடையில முதல் வார்த்தையிலேர்ந்து கடைசி வார்த்தை வரைக்கும் யாராச்சும் வாசிங்க. பதினஞ்சு நிமிஷம். அப்பறம் பேர் வெக்கிறதப் பத்திப் பேசலாம்."

கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒன்பது நாளாகிறது.

அன்று பேசி முடித்ததும் விக்னேஷ் ஒரு படத்தையும் அனுப்பியிருந்தார். மேடையில் குணசீலன். வெள்ளிச் சாயக்காரர் வருவதற்கு முன், கேள்வி கேட்பதற்கு முன் எடுத்தது. பார்த்ததும் அழித்துவிடலாம் என்றுதான் விரல் போனது. சகுந்தலா பிடுங்கிப் பார்த்தார்.

"அழிக்காதீங்கண்ணா. இந்த மனுசன் போட்டோவுல சிரிச்சதே இல்ல. கல்யாண போட்டோவுலகூட உர்ருன்னுதான் நிப்பாரு. இதுல எப்படிச் சிரிக்கிறாரு பாருங்க."

சிரித்துக்கொண்டிருந்தார். கதை வாசிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பி ஏறிய நிமிடம் அது.

தெருமுனையில் கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அந்தப் படத்தையே கொடுப்பது என்று முடிவாயிற்று. அச்சுக் கடைக்கு நான் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த அம்மாள் என்ன வேண்டும் என்று கேட்டார். முகத்தைச் சுற்றி எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன். கோட்டு போயிற்று, எண் போயிற்று, தலைக்கவசம் போயிற்று, மேடை விளக்குகள் போயின. முகம் மட்டும் நின்றது.

"பேருக்குக் கீழ என்ன போடணும் பெரியவரே?"

ஒரு தாள் வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். எழுத்தாளர்.

பேனர் இப்போது முனையில் கட்டியிருக்கிறது. காற்றில் கொஞ்சம் ஆடுகிறது. பால் வாங்கப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். தினமும் நானும் போய் நிற்கிறேன். குணா, அந்த முகத்தில் நீங்கள் இன்னும் மேடைப் படியில்தான் இருக்கிறீர்கள். கையில் கதை இருக்கிறது. யாரும் இன்னும் எதுவும் கேட்கவில்லை. அங்கேயே இருங்கள். நான் வீட்டுக்குப் போகிறேன்.