பாருக் மறுபடி எழுதினான்

கடல் ஊருக்குள் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய மேட்டில், தகரக் கொட்டகைகளில் எங்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சபையின் உபதேசியார் கால் முறிந்து போர்ட் பிளேர் மருத்துவமனையில் கிடந்ததால், ஞாயிறு மாலை வாலிபர் கூட்டத்தை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் நான் ஒருத்திதான். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

வாரத்துக்கு ஒரு வேதாகம மனிதரைப் பற்றிப் பேசுவேன். ஒரு ஞாயிறு தானியேலைச் சிங்கக் கெபியிலிருந்து வெளியே கொண்டுவந்து முடித்தபோது, பத்தாவது முடித்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். கடல் அவளுடைய தம்பியைக் கொண்டுபோயிருந்தது.

“அக்கா, நீங்க சொல்ற எல்லாரும் தப்பிச்சிர்றாங்க. தப்பிச்சதுக்கு அப்புறம் என்னா செய்யிறது? அத யாராச்சும் எழுதியிருக்காங்களா?”

ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. போர்ட் பிளேரில் பதினொன்றாம் வகுப்பில் சேர வேண்டும். பிறந்த தேதிக்கும் பெற்றோருக்கும் ஏதாவது ஓர் அத்தாட்சி வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்த காகிதம் எல்லாம் வீட்டோடு போய்விட்டது. அப்படி இருந்தவள் அவள் மட்டுமல்ல. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதே நிலைதான். ஞானஸ்நானக் கடிதம் இருந்தால் போதும் என்று கேள்விப்பட்டு, கப்பலில் வந்திருந்த போதகரிடம் போய் நின்றோம்.

“பதிவேடு இல்லாம நான் எதப் பாத்தும்மா எழுதித் தர்றது?” என்றார் அவர். கப்பல் ஜெட்டிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் சபைக் கோவிலும் இல்லை, பதிவேடு இருந்த இரும்புப் பெட்டியும் இல்லை.

“புதுசா எழுதி வச்சா கையெழுத்துப் போடுவீங்களா ஐயா?”

யோசித்தார். “ஒவ்வொரு பேருக்கும் ரெண்டு சாட்சி இருந்தாப் போடுவேன். ரெண்டு மாசத்துல திரும்ப வருவேன்.”

நிவாரணப் பொட்டலத்தில் வந்த ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போனேன். தேதி யாருக்கும் நினைவில்லை. “அந்த வருசம் கப்பலு ரெண்டு மாசமா வரவே இல்ல, அப்பத்தான் இவ பொறந்தா” என்பார்கள். “சிலோன்லேருந்து நாங்க வர்றப்ப இவன் வயித்துல” என்பார்கள். கப்பல் வராத வருடம் எது என்று இன்னும் நாலு பேரிடம் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பிறந்தது, ஞானஸ்நானம், பெற்றோர், அடக்கம் என்று நோட்டில் நாலு பத்திகள் போட்டிருந்தேன்.

மூன்று வாரம் எழுதினேன். பிறகு மழைக்காலம் பிடித்தது. தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, காலையில் பார்த்தால் நோட்டு முழுக்க நீலமாகக் கரைந்திருந்தது. ஜெல் பேனா. ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை.

அதே வாரத்தில் மதுரைப் பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. சின்ன வயதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

“போதும்மா, நான் மெயின்லேண்டுக்குப் போறேன்” என்றேன். அம்மா அன்றே என் துணிகளைத் துவைத்துப் போட்டார்.

ஆனாலும் ஞாயிறு வந்தால் ஏதாவது பேசியாக வேண்டும். சின்னதாக ஒன்று கிடைத்தால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எரேமியாவைப் புரட்டினேன். அங்கே பாருக் இருந்தான். அதுவரை அவன் பெயரை நான் கவனித்ததே இல்லை. எரேமியா சொல்லச் சொல்ல, பாருக் ஒரு சுருள் முழுக்க எழுதுகிறான். அது அரசனிடம் போகிறது. அரசன் குளிருக்கு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறான். வாசிக்க வாசிக்கக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறான். முழுச் சுருளும் சாம்பலாகிறது. எரேமியா இன்னொரு சுருளை எடுத்துக் கொடுக்க, பாருக் முதல் வரியிலிருந்து மறுபடி எழுதுகிறான்.

நோட்டு நனைந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கூட்டத்தில் இதை மட்டும் சொன்னேன். அதே பெண்தான் கேட்டாள்.

“எரிச்சவன் மேல அவருக்குக் கோவம் வரலியா?”

“வந்துச்சா இல்லியான்னு போடல. எழுதுனாருன்னு மட்டும் போட்டிருக்கு.”

“அப்ப நம்ம நோட்டு?”

எல்லோருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

மறுநாள் மாலை ஆறு பேர் பால்பாயிண்ட் பேனாவோடு எங்கள் கொட்டகை வாசலில் நின்றார்கள். இந்த முறை இரண்டு பிரதி எழுதி, இரண்டையும் வேறு வேறு வீட்டில் பாலிதீன் உறைக்குள் வைப்பது என்று முடிவு செய்தோம்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அம்மா மகளின் விவரங்களைச் சொன்னார். மகனைப் பற்றிக் கேட்டதும் நோட்டைக் கையால் மூடிவிட்டார்.

“எம்புள்ள பேர அந்தக் கடைசிக் கட்டத்துல எழுதாத. ஒடம்ப நான் பாக்கல. எழுத விடமாட்டேன்.”

“ஞானஸ்நானம் குடுத்தீங்கல்ல அக்கா? அத மட்டும் எழுதுறேன். கடைசிக் கட்டம் சும்மா இருக்கட்டும்.”

பிறகு கையை எடுத்தார். “அன்னிக்கு ஞானஸ்நானம் குடுத்த ஐயரோட கண்ணாடியப் புடுங்கிட்டான். குடுக்கவே மாட்டேன்னுட்டான். கோவிலே சிரிச்சுச்சு. அதயும் எழுது.” எழுதினேன். மகள் பக்கத்தில் நின்று அழுதாள். நானும்தான். அதற்குப் பிறகு சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் ஓரத்தில் எழுத ஆரம்பித்தோம்.

வேலை பாதியில் இருக்கும்போது நான் ஏற வேண்டிய கப்பல் வந்தது. அடுத்த கப்பல் வருவதற்குள் அங்கே சேர்க்கை முடிந்துவிடும்.

“நீ போடி. யாராச்சும் எழுதிக்குவாங்க” என்றார் அம்மா.

“யாரும்மா?”

“ஒன்னய யாரு கேட்டா? ஒன் வாழ்க்கைய நீ பாரு!”

நான் போகவில்லை. அம்மா பத்து நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாளே எனக்கும் வருத்தம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் எரேமியாவில் பாருக்குக்கென்றே இருக்கும் சின்ன அதிகாரத்தைப் படித்தேன். களைத்துப்போனேன், இளைப்பாறுதலே இல்லை என்று அவனும் புலம்பியிருக்கிறான். உனக்கென்று பெரிய காரியங்களைத் தேடாதே, நீ போகுமிடமெல்லாம் உன் உயிரைக் காத்துத் தருகிறேன் என்கிறார் கடவுள். படித்ததும் கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா என்று சத்தமாகவே கேட்டேன். கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினேன். உயிர் மிஞ்சுவது சின்ன விஷயமல்ல என்று அந்தத் தீவில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போதகர் வந்து பதிவேட்டை ஒரு மதியம் முழுக்கப் படித்தார். “கண்ணாடியப் புடுங்குனதெல்லாம் பதிவேட்டுல வராதேம்மா.”

“பாருக் ரெண்டாவது தடவ எழுதுனப்ப மொதல்ல இல்லாததும் நெறைய சேந்துச்சுன்னு போட்டிருக்கே ஐயா.”

அவர் சிரிக்கவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்து, “இது?” என்றார்.

“அது அப்பிடியே இருக்கட்டும் ஐயா. அவங்க கேட்டுக்கிட்டாங்க.”

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் கடிதத்தை வாங்கிக்கொண்டு அதே கப்பலில் போர்ட் பிளேர் போனாள். அவளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் நர்ஸ் ஆகவில்லை. அடுத்த வருடம் விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. இப்போது போர்ட் பிளேரில் ஒரு பள்ளியில் எழுத்தர் வேலை. அக்கரையிலுள்ள பம்பூஃபிளாட்டிலிருந்து சாத்தம் துறைக்குத் தினமும் படகில் போய் வருகிறேன். போகாதே என்று கடவுள் என் காதில் சொன்னதாக நான் வாலிபர் கூட்டங்களில் சொல்வதில்லை, அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதால். விசுவாசம் என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான்: கையிலிருந்த வேலை அழிந்துபோனால், அழுது முடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்குவது. பாருக் ஒரு சிங்கத்தையும் பார்த்ததில்லை, ஒரு ராட்சதனையும் வீழ்த்தவில்லை. அவன் செய்ததை யாரும் செய்யலாம்.

போதகர் கையெழுத்துப் போட்டுப் போன மறுவாரம், கீழ்க் கொட்டகைகளிலிருந்து இரண்டு குடும்பங்கள் வந்தன. அவர்கள் மாரியம்மன் கோவில்காரர்கள்.

“எங்க ஆளுங்க பேரயும் இந்த மாரி எழுதித் தருவியாம்மா? எங்ககிட்டயும் ஒரு காயிதமும் இல்ல.”

“இது சபைப் பதிவேடு. இத வச்சு உங்களுக்கு ஆபீசுல ஏத்துக்குவாங்களான்னு தெரியாதுண்ணே.”

“ஏத்துக்கலன்னா பரவால்ல. எங்க ஆளுங்க பேரு ஒரு எடத்துல இருக்கட்டும்.”

உள்ளே போய் ஒரு புது நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் எடுத்து வந்தேன். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, நாலு கோடு கிழித்து, முதல் பெயரைக் கேட்டேன்.