கடல் சூடான வருஷத்து நாற்று

மகாராஜபுரம் கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு புரட்டாசிக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கணவரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் கரைமேல் நின்று, தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் முளைத்திருந்த கருவேலங்கன்றுகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீதான் எந்நேரமும் போன்ல மழையப் பாக்கியே. நாத்து விடலாமா, வேண்டாமா?" குடும்பத்து வயலை ஒற்றை ஆளாக அவர்தான் பார்த்துவந்தார். அந்தப் போகமும் பொய்த்தால் வயலை வீட்டுமனைக்குக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மதினி அதற்குத் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கைக்குழந்தையோடு போயிருந்தேன். மகளுக்கு அடிக்கடி மூச்சிளைப்பு வரும். அதனால் ஈரக்காற்று எப்போது வருகிறது என்று பார்ப்பதே எனக்கு வேலையாகியிருந்தது. அது எல் நினோ ஆண்டு. பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகிவிட்டது, நாட்டில் மழை குறையும் என்று செய்தியில் சொன்னார்கள். சொன்னபடி ஆடியிலும் ஆவணியிலும் மேற்கே மலையில் மழை சரியாக இறங்கவில்லை. ஓடைகள் வற்றி, யானைகள் தேவதானம் பக்கத்து மாந்தோப்புகளுக்குள் வந்துபோவதாகப் பேசிக்கொண்டார்கள். ஆனால் நான் தேடிப் படித்ததில் இன்னொன்றும் இருந்தது. அந்தக் கடல் சூடாகும் ஆண்டுகளில், ஐப்பசி கார்த்திகையில் தமிழ்நாட்டுக்கு வரும் வடகிழக்குப் பருவமழை பல முறை கூடியிருக்கிறதாம். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் சேர்ந்து சூடானால் இன்னும் கூடலாமாம். உறுதியாக ஒன்றையும் யாரும் சொல்லவில்லை.

இரண்டையும் மதினியிடம் சொன்னேன். இந்தியாவுக்கு மழை குறையும், நமக்குக் கூடினாலும் கூடும் என்றேன். அவர் கேட்டார்:

"அப்ப நாம இந்தியாவுல இல்லையாட்டி?"

"புள்ளைக்கு உடம்பு சுட்டா நெத்தியில ஈரத்துணி போடுதியே, அந்தக் கடலுக்கும் ஒண்ணு போட்டு விடு" என்று சிரித்துக்கொண்டே போனவர், அன்றைக்கே விதைநெல்லை நனைத்துவிட்டார். என் பேச்சைக் கேட்டா, கேட்காமலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் மழை வந்தது. நட்டு முடித்தோம். கார்த்திகைக் கடைசியில் அது நிற்கவே இல்லை. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியே வயலுக்குள் பாய்ந்து, நட்ட பயிர் மூழ்கி அழுகியது. ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் என் கணவர், "போதும்க்கா, குடுத்துருவோம்" என்றார். மதினி பக்கத்து வயல்கார அண்ணன் வீட்டுக்கு நடந்தார். அந்த அண்ணன் வறட்சிச் செய்திக்குப் பயந்து, கண்மாயில் தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகே நாற்று விட்டவர்; அவருடைய இளநாற்று அப்போதும் மேட்டு நாற்றங்காலில் தப்பி நின்றது. அவரிடம் மிஞ்சியதைக் கேட்டு வாங்கிவந்து, "பயந்தாங்கொள்ளி நாத்து, அதட்டாம நடுங்க" என்று நடவுக்காரப் பெண்களைச் சிரிக்க வைத்தபடியே மதினி மறுபடி நட்டார். பயிரை அழித்த மழைதான் கண்மாயிலும் நின்றது. அந்தத் தண்ணீரில்தான் பின்நடவு பங்குனியில் அறுப்புக்கு வந்தது. வயல் தப்பியது.

தேவதானத்தில் மாம்பூவெல்லாம் உதிர்ந்ததும் அந்தப் பருவத்து மழையில்தான். அது நல்ல மழையா, கெட்ட மழையா என்று மதினியிடம் கேட்டேன். "யாருகிட்டக் கேக்க? நெல்லுகிட்டயா, மாமரத்துகிட்டயா?" என்றார். படித்ததும் சரியாகத்தான் இருந்தது, பார்த்ததும் சரியாகத்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் மட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவர் பயந்து தள்ளிப்போட்ட நாற்று எங்கள் வயலைக் காப்பாற்றியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மதினி போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். வயலைப் பற்றி முடிவு சொல்லும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. விளையாவிட்டால் மனைப் பேச்சும் திரும்ப வரும். கடல் மறுபடி சூடாகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். முந்தாநாள் பக்கத்து வயல் அண்ணன் போன் செய்தார். இப்போது அவர்தான் எங்கள் வயலையும் பார்த்துக்கொள்கிறார். பசிபிக், இந்தியப் பெருங்கடல், இரண்டு பருவமழை என்று எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அம்புட்டும் இருக்கட்டும் தாயி. வெதநெல்லு மூட்டைய அவுக்கவா, வேண்டாமா?"

"பாதிய நனைங்கண்ணே" என்றேன். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, சோறு ஊட்டி, அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி அவரைக் கூப்பிட்டு மீதியையும் நனைக்கச் சொன்னேன்.

சரியா என்று தெரியவில்லை. நனைந்த நெல்லை இனி மூட்டைக்குள் திரும்பப் போட முடியாது.