மம்சாபுரத்துக்குச் சீருடையில் போனவர்

பேத்தி என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறாள். நேற்று அவள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, ஷூவைவிட என் வேட்டியைத்தான் அதிகம் கறுப்பாக்கினேன். ஆனால் டப்பாவைத் திறந்ததும் வந்த மெழுகு வாசனை இருக்கிறதே, அது என்னை நேராக ராஜபாளையத்து மில் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அந்த வாசலில் காவலுக்கு நின்றவர் வேலுச்சாமி அண்ணன். எல்லைச் சண்டையில் காலில் குண்டடி பட்டு, பட்டாளத்திலிருந்து திரும்பியவர். பஞ்சுத்தூசி படிந்த அந்த மில்லில் பளபளப்பாக இருந்தவை அவருடைய பூட்ஸ் மட்டும்தான். நான் அலுவலகத்தில் புதுக் குமாஸ்தா. அவர் சல்யூட் அடித்தால் பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிடு போடுவேன்.

வருஷத்தில் ஒரு நாள் அவர் லீவு எடுப்பார். கூடவே சண்டையில் நின்ற மம்சாபுரத்து முருகேசன் இறந்துபோன நாள் அது. பழைய சீருடையை மாட்டி, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, முருகேசனின் அம்மாவைப் பார்க்கப் போவார். ஒரு வருஷம் பஸ் ஸ்டிரைக். "தம்பி, உங்க வண்டியில கொண்டுபோய் விடுதீயளா?" என்று கேட்டார். நான் மொபெட் ஓட்டுகிற லட்சணம் மில்லுக்கே தெரியும், பள்ளம் மேடு ஒன்றையும் விடமாட்டேன். மம்சாபுரத்தில் இறங்கியதும், "எல்லையில பயந்தேன். அதுக்குப் பொறவு இன்னைக்குத்தான் தம்பி" என்றார்.

முருகேசனின் அம்மா முத்தம்மாள் வாசலுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே, முருகேசனின் படத்துக்கு முன்னால் அண்ணன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அந்த அம்மா அப்போதுதான் கேட்டார்.

"வேலு, இத்தன வருசமா நான் கேக்கல. எம்புள்ள பயந்தானாப்பா? மேடையில பேசுனவுக எல்லாம் பயமே அறியாதவன்னாக. இடி இடிச்சா எம் மடியில வந்து ஒளியுத பய அவன்."

அண்ணன் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பயந்தான் ஆத்தா. நானும் பயந்தேன். அவனுக்குக் கை வெடவெடன்னு நடுங்குச்சு. அந்தக் கையாலதான், அடிபட்டுக் கெடந்த என்னையப் பாறைக்குப் பின்னால இழுத்துப் போட்டான். இன்னொருத்தன் கெடக்கான்னு திரும்பப் போனான். அவனையும் எங்கிட்டத் தள்ளிவிட்டான். அவன்தான் வரல."

முத்தம்மாள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எம்புள்ளதான் அது" என்றார்.

பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சோறு போட்டார். அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டார். குண்டுகளுக்கு முன்னால் அவர் நின்றதை நான் பார்த்ததில்லை. அந்தத் தாய்க்கு முன்னால் நின்றதைப் பார்த்தேன். எனக்கு அதுவே போதும்.

இப்போது அண்ணனும் இல்லை, முத்தம்மாளும் இல்லை. மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஊர்க்காரர்கள் முருகேசன் பேரில் ஒரு நிழற்குடை கட்டியிருந்தார்கள். பஸ்ஸில், "முருகேசன் ஸ்டாப் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பார்கள். ரோட்டை அகலமாக்கியபோது நிழற்குடையை இடித்தார்கள். கொஞ்ச காலம் பேர் மட்டும் நின்றது. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, பழைய பழக்கத்தில் அதையே கேட்டேன்.

கண்டக்டர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"அது எங்க சார் இருக்கு?"